பதின்மூன்றாவது இதழ்

7

கண்ணாடி துடைக்கும் துணியொன்றைக் கால்மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒன்று பித்தராக இருத்தல் வேண்டும். அன்றேல் துப்பறிபவராக இருத்தல் வேண்டும். நிதானம் என்று பலரும் அழைக்கும் அந்த ஐம்பது வயது மனிதர் இரண்டாம் இனத்தைச் சேர்ந்தவர். அவரை முதல் இனத்தில் சேர்ப்பதே முறை என்பது அவருடைய உதவியாளரின் நெடுநாள் கருத்து. அவ்வுதவியாளருக்குப் பட்டாசு என்னும் பெயர் வாய்த்தமைக்கு அவளுடைய வாயே முழுக் காரணமாகும்.

"சார், போதும். அந்தத் துணிக்கே கூச்சமா இருக்கும்" என்றாள் பட்டாசு.

நிதானம் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அன்று வியாழக்கிழமை, முற்பகல். மூக்குக்கண்ணாடிக் கடையின் சுவரெங்கும், ஆடியில்லாத வெற்றுச் சட்டங்கள் வரிசை வரிசையாக நின்று அவர்களையே உற்று நோக்கிக்கொண்டிருந்தன. மேசைக்கு அப்பால் கடைக்காரி நின்றாள். நாற்பதைத் தாண்டியவள்; விரல் நுனிகளில் ஆடி தேய்த்த வெண்பொடி படிந்திருந்தது. நேற்று மாலை நிதானத்தின் அலுவலகப் படியேறி வந்து, "என் தம்பி உயிரோட இருக்கான். அதை நீங்க நிரூபிக்கணும்" என்று ஒரே மூச்சில் கூறியவள் அவளே.

"பார்த்துட்டீங்களா சார்? உச்சியில இருக்கிற இதழ்."

"பார்த்தேன்மா. மத்த பதினொண்ணும் வெளிர்நீலம். அது மட்டும் ஒரு படி கருத்திருக்கு."

"ஒரு பூவுல மட்டும் இல்ல சார். துணியில இருக்கிற அத்தனை பூவுலயும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் லென்ஸுக்குச் சாயம் பார்த்துப் பார்த்து மாட்டுறவ நான். நிறம் துளி கூடினாலும் என் கண்ணு சொல்லிடும். இது என் தம்பியோட கை."

தம்பியின் தொழில் கணினியில் அலங்கார வடிவங்கள் வரைவது. சட்டைத்துணி, பரிசுப்பொருள் சுற்றும் தாள், சாளரத்திரை என எதிலும் திரும்பத் திரும்ப வரும் பூவும் கொடியும் அவனைப் போன்றோரின் கைவேலையே. அவனுடைய பூ பிறக்கும் விதத்தை அக்காள் நன்கு அறிவாள். முதலில் இரண்டு வட்டங்கள். அவற்றின் ஓரம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைப்பான். இரண்டுக்கும் பொதுவான நடுத்துண்டை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதை நீக்கினால், மெல்லிய இதழொன்று கிடைக்கும். அதன் அடிநுனியை அச்சாகக் கொண்டு முப்பது பாகை திருப்பி ஒரு நகல். பின்னர் அதையே மீண்டும் மீண்டும் செய்யுமாறு ஒரு விசையைத் தட்டினால், இதழ்கள் தாமாகவே சுற்றி வந்து பூவாகிவிடும்.

"இதுல கருப்பு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் பட்டாசு.

"அவனுக்குக் கணக்கு வராதும்மா. பன்னெண்டு இதழ் வேணும்னா பன்னெண்டு நகல் எடுப்பான். முதல்ல போட்ட இதழ் ஒண்ணு அங்க ஏற்கெனவே உட்கார்ந்திருக்கு இல்லையா? அதை எண்ண மாட்டான். அப்போ கடைசி நகல் ஒரு முழுச் சுத்து சுத்தி வந்து முதல் இதழ் மேலயே படுத்துக்கும். அவன் பூசுறது கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுற நிறம். ரெண்டு சேர்ந்தா கருத்துடும்."

"அதாவது, வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டா தன்னை விட்டுட்டு எண்ணுற ஆளு."

"நான் சொல்லியிருக்கேன். 'உன் பூவுல ஒரு இதழ் மட்டும் வெயில்ல காய்ஞ்சுதாடா?'ன்னு கிண்டல் பண்ணுவேன். 'அதுதான் அழகு, உனக்கு ரசனை இல்ல'ன்னு சண்டைக்கு வருவான். கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல."

கடைசி வரைக்கும் என்னும் சொல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். அவசரமாக ஒரு சட்டத்தை எடுத்துத் துடைத்தாள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில், தபாலில் ஒரு பொட்டலம் அனுப்பிவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டவன் அவன். பொட்டலம் போய்ச் சேர்ந்தது. அவன் திரும்பவில்லை. சண்டையில்லை, கடிதமில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவனை இறந்தவனாக அறிவிக்கக் கோரும் அவன் மனைவியின் மனு, நாளை காலை பத்தரை மணிக்கு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருகிறது. உயிரோடு இருப்பதற்கு ஏதேனும் அத்தாட்சி இருந்தால் அதற்குள் காட்ட வேண்டும்; இல்லையேல் இறந்தோர் பதிவில் அவன் பெயரும் ஏறிவிடும்.

"அவன் பொண்டாட்டி மேல எனக்குக் கோபம் இல்ல சார். ஏழு வருஷம் வாசலையே பார்த்துட்டு இருந்தா. அவளுக்கும் ஒரு முடிவு வேணும். ஆனா இந்தத் துணிக்கட்டு போன வாரம்தான் கடைக்கு வந்துச்சு. புது டிசைன். செத்தவன் பூ போடுவானா?"

"தம்பி குரல் ஏதாவது இருக்காம்மா?"

அவள் தன் கைபேசியை நீட்டினாள். தேடவே இல்லை, விரல் தானாக அவ்விடத்திற்குச் சென்றது. சற்றே மூக்கடைத்த, சிரிப்பை அடக்கிக்கொண்ட குரலொன்று ஒலித்தது: "அக்கா, சாவியை மீட்டர் பெட்டி மேல வெச்சிருக்கேன். வீடு முழுக்கத் தேடிட்டு இருக்காதே."

நிதானம் அக்குரலை மூன்று முறை கேட்டார். துணிகள் வந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சகத்தின் முகவரி இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு எழுந்தார்.

* * *

அச்சகத்தில் துணிக்கு நிறமேற்றும் இயந்திரம் ஒரு முழு அறையையும் அடைத்துக்கொண்டு இரைந்துகொண்டிருந்தது. அச்சுக்காரர் இரு காதுகளிலும் பஞ்சு வைத்திருந்தார். நிதானத்தின் கையிலிருந்த துணியைக் கண்டதும் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார்.

"மறுபடியும் அந்த இதழா? ஐயா, கேட்டுக்கோங்க. மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. மூணு தடவ மையூத்துற முனையைக் கழட்டிக் கழுவிட்டேன். என் வீட்டுல ஒரு தட்டைக்கூட நான் கழுவினதில்ல!"

"அதை வீட்டுல சொல்லிடாதீங்க" என்றாள் பட்டாசு. "நாங்க குறை சொல்ல வரல. அந்த டிசைன் ஃபைலைக் கொஞ்சம் காட்டுங்க, போதும்."

அச்சுக்காரர் கணினித்திரையில் கோப்பைத் திறந்தார். வெளிர்நீலப் பூவொன்று திரை நிறைய விரிந்தது. அதன் உச்சி இதழ் கருத்திருந்தது.

"அந்தக் கருத்த இதழைப் பிடிச்சு ஓரமா இழுங்க" என்றார் நிதானம்.

இழுத்தார். இதழ் விலகியது. விலகிய இடம் வெறுமையாக இல்லை. அதே அளவில், அதே சாய்வில், மற்றுமோர் இதழ் படுத்திருந்தது. பிரிந்த இரண்டும் இப்போது வெளிர்நீலமாகவே தோன்றின. கருப்பு போன இடம் தெரியவில்லை.

"அடப்பாவி!" என்றார் அச்சுக்காரர். "மூணு தடவ கழுவினேனே!"

"பன்னெண்டு பேர் உட்கார்ற பெஞ்சு. பதிமூணாவது ஆள் முதல் ஆளோட மடியில உட்கார்ந்திருக்கான். தூரத்துல இருந்து பார்த்தா ஒரே ஆள்தான், கொஞ்சம் குண்டுன்னு தோணும்" என்றாள் பட்டாசு.

நிதானம் தம் பெயருக்கேற்பச் சிரிக்காமல் அடுத்த வினாவைத் தொடுத்தார். "இது பழைய டிசைனா இருக்கலாமே? எப்பவோ வரைஞ்சதை யாராவது எடுத்து இப்போ அனுப்பியிருக்கலாம்."

"வாய்ப்பே இல்லைங்க. முதல்ல வந்தது எட்டு இதழ்ப் பூ. துணி ரொம்ப மொட்டையா இருக்கு, அடர்த்தியா வேணும்னு நான்தான் எழுதிக் கேட்டேன். மறுநாளே பன்னெண்டு இதழ்ல புதுசா போட்டு வந்துச்சு. அஞ்சு வாரம் ஆச்சு."

"அந்த எட்டு இதழ்லயும் ஒண்ணு கருப்பா?"

அச்சுக்காரர் பழைய கோப்பைத் திறந்தார். ஒன்று கருப்பாகவே இருந்தது. இழுத்துப் பார்த்தார். எட்டு இதழ்ப் பூவில் ஒன்பது இதழ்கள் இருந்தன.

நிதானம் இரு பூக்களையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்தாறு ஆண்டுகளாகக் காணாமற்போனவர்களைத் தேடிக்கொண்டிருப்பவர் அவர். நம்பிக்கை என்பது கடன்வாங்கிய குடை போன்றது. மழை வலுக்கும் நேரத்தில் உரியவர் வந்து கேட்பார் என்று கற்றிருந்தார். எனினும், கேட்டவுடனே திருப்பிக் கணக்கிடாமல், மறுநாளே பழைய தவற்றைப் புதிதாகச் செய்த கையொன்று எங்கோ உயிரோடு இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

"அனுப்புனது யாரு?"

"நேர்ல பார்த்ததில்ல. வட்டப்பூன்னு ஒரு பேரு. மாதிரித் துணியை மட்டும் ஒரு பல் டாக்டர் கிளினிக் முகவரிக்கு அனுப்பச் சொன்னாங்க."

முகவரியைப் பெற்றுக்கொண்டு அவர் திரும்பியபோது பட்டாசு அருகில் இல்லை. அவள் தெருவோரத்தில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறுகாதில் வைத்த கைபேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா! அஞ்சு வாரம்தான் ஆகுது! சத்தியமா! புதுசா போட்டது! ஒரு பல் டாக்டர் கிளினிக் முகவரியும் கிடைச்சிருக்கு! அக்கா... அக்கா, அழாதீங்க, இது அழுற விஷயமா?"

நிதானம் அவள் கையிலிருந்து கைபேசியை வாங்கினார். மறுமுனை அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது.

"ஏன் சொன்ன?"

"ஏழு வருஷமா காத்திருக்காங்க சார். இன்னும் ஒரு மணி நேரம் எதுக்கு?"

"கையில வராத மீனுக்குக் குழம்பு கூட்டாதேன்னு எத்தனை தடவ சொல்றது உனக்கு?"

"நீங்க மீன் கையில வந்தாலும் முள்ளை எண்ணிட்டு இருக்கிற ஆளு" என்றாள் பட்டாசு. அவள் முகம் முழுவதும் மகிழ்ச்சி. அதற்குமேல் கடிந்துகொள்ள அவருக்கு மனம் வரவில்லை. பின்னாளில் இதை நினைக்கும்போதெல்லாம், கடைக்காரியைத் திரும்ப அழைத்து எச்சரிக்காமல் அந்தத் தெருவில் நின்ற அரை நிமிடத்தைத்தான் அவர் தம்முடைய குற்றமாகக் கருதினார்.

* * *

பல் மருத்துவமனையின் காத்திருப்பறையில் நால்வர் தத்தம் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு அமர்ந்திருந்தனர். உள்ளறையிலிருந்து துளைக்கும் கருவியின் ஓசை வந்தது. வரவேற்பு மேசையில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி இருந்தாள். அவளைத் தவிர அங்கே கணினிமுன் வேறெவரும் இல்லை.

"யாருக்கு வலி?" என்று கேட்டாள் அவள்.

"இவருக்குத்தான். ஆனா பல்லுல இல்ல" என்றாள் பட்டாசு.

நிதானம் துணியை விரித்து மேசைமேல் வைத்தார். "வட்டப்பூங்கிறவரைப் பார்க்கணும்."

வரவேற்பாளர் முகத்தில் முதலில் அச்சமும், பிறகு நாணமும், இறுதியில் அடக்கமாட்டாத பெருமிதமும் தோன்றி மறைந்தன. உள்ளறைக் கதவை ஒருமுறை நோட்டமிட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தாங்க. டாக்டருக்குத் தெரியாது. ஒரு ஆளுக்குப் பல் பிடுங்கி முடிக்கிறதுக்குள்ள ஒரு பூ போட்டுடுவேன். நல்லா இருக்கா?"

நிதானம் மெதுவாக நாற்காலியில் அமர்ந்தார். அருகில் நின்ற பட்டாசின் வாய் திறந்தது. ஆனால் வெடி ஏதும் கிளம்பவில்லை.

"எனக்காக ஒண்ணு போட்டுக் காட்டுவீங்களாம்மா? இப்பவே?"

கேட்டதுதான் தாமதம். நோயாளிகளின் வருகைப்பட்டியலை ஒதுக்கிவிட்டு அவள் ஒரு வெற்றுத்தாளைத் திரையில் விரித்தாள். ஒரு வட்டம். அதன் நகலாக இன்னொன்று. ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. நடுத்துண்டு நின்றது, மற்றவை மறைந்தன. இதழை நிமிர்த்தி வைத்தாள். அடிநுனியில் அச்சு. முப்பது பாகை. பிறகு அவள் உதடுகள் அசையத் தொடங்கின.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி விரிந்தன. பதினொன்றில் பூ நிறைந்துவிட்டது. அவள் விரல் நிற்கவில்லை.

"பன்னெண்டு" என்று நிறைவோடு முடித்தாள். உச்சி இதழ் கருத்தது.

"ஏம்மா, முதல்ல போட்ட இதழை நீங்க எண்ணலையே?"

"அதை எதுக்கு எண்ணணும்? சார் பன்னெண்டுன்னுதானே சொன்னாரு?"

"எந்த சார்?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டனர். கன்னத்தைத் தாங்கியிருந்த நால்வரும் வலியை மறந்து நிமிர்ந்தனர். பட்டாசு மேசையின் விளிம்பை இறுகப் பற்றினாள். சொல்லிக்கொடுத்தவன் எங்கோ இருக்கிறான். நேற்றோ அதற்கு முந்தைய நாளோ இந்தப் பெண்ணிடம் பேசியிருக்கிறான்! அந்த எண்ணம் நிதானத்தின் உள்ளத்திலும் ஒரு கணம் ஏறி அமர்ந்தது.

"வட்டம் சார். நேர்ல எல்லாம் இல்லைங்க. வீடியோவுல" என்றாள் அவள்.

திரையில் ஒரு காணொளி ஓடியது. முகம் இல்லை. வட்டங்கள் நகர்ந்தன. குரல் மட்டும் கேட்டது. சற்றே மூக்கடைத்த, சிரிப்பை அடக்கிக்கொண்ட குரல். "பாடம் ரெண்டு. ரெண்டு வட்டம், ஒரு பூ. பன்னெண்டு இதழ் வேணுமா? பன்னெண்டு நகல் எடுங்க. இதுக்கு மேல கணக்கு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் வேண்டாம்."

காலையில் மூன்று முறை கேட்ட குரலே அது, ஐயமில்லை. காணொளி வெளியான நாளையும் நிதானம் பார்த்தார். அதற்கு எட்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவன் காணாமற்போவதற்கும் ஓராண்டு முந்தியது. கீழே, பார்த்தோரின் எண்ணிக்கை நாற்பத்தோராயிரத்தைத் தாண்டியிருந்தது. அதற்கும் கீழே, பாடம் கற்றவர்கள் தாங்கள் வரைந்த பூக்களை வரிசையாக இட்டிருந்தனர். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் இதழ் கருத்திருந்தது.

"ஒரு தம்பியைத் தேடி வந்தா நாப்பத்தோராயிரம் தம்பி" என்றாள் பட்டாசு. அதைச் சொன்ன குரலில் வேடிக்கை இல்லை. "சார், அந்த அக்காகிட்ட நான்... சார், இந்தத் தவறை ஊருக்கே சொல்லிக்கொடுத்திருக்கான்னா, அவன் இல்லைன்னும் ஆகாது இல்லையா? நாப்பத்தோராயிரத்துல ஒருத்தனா அவனும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்" என்றார் நிதானம். பிறகு வரவேற்பாளரைப் பார்த்து, "பாடம் மொத்தம் எத்தனைம்மா?" என்று வினவினார்.

"ஒன்பது. நான் ரெண்டோட நிறுத்திட்டேன். பூதான் வந்துடுச்சே, அப்புறம் என்ன?"

நிதானம் மூன்றாம் பாடத்திலிருந்து கேட்கத் தொடங்கினார். நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக உள்ளே சென்று, வாய் வீங்கி வெளியே வந்தனர். மூன்றாம் பாடத்தில் முக்கோணங்கள் நட்சத்திரமாயின. ஐந்தில் சதுரங்கள் சாய்ந்து பின்னலாயின. ஏழில் ஒரு கட்டத்தின் வலப்புறம் வெளியேறிய கொடி இடப்புறம் வந்து இணைந்து, முடிவில்லாமல் படர்ந்தது. ஒன்பதாம் பாடத்தைப் பார்த்தவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. அதன் தலைப்பு: "ஒரு திருத்தம்." வெளியான நாள், அவன் பொட்டலத்தோடு புறப்பட்ட நாளுக்குப் பதினொரு நாள் முந்தையது.

"வணக்கம். ஒருத்தர் எழுதியிருக்காரு" என்று தொடங்கியது குரல். "'சார், உங்க பூவுல ஒரு இதழ் ரெண்டா இருக்கு'ன்னு. பார்த்தேன். ஆமாங்க. இத்தனை வருஷமா தப்பா எண்ணியிருக்கேன். முதல் இதழ் அங்கயேதான் இருக்கு, அதை யார் எண்ணுறது? அதனால பதினொண்ணு போதும். எல்லாரும் திருத்திக்கோங்க. நான் என்னோட பழைய ஃபைல் ஒண்ணு விடாம திறந்து, உபரியா இருந்த இதழை எடுத்துட்டேன். நாலு நாள் ஆச்சு." ஒரு சிரிப்பு. "எங்க அக்கா இதை எப்பவோ கண்டுபிடிச்சா. நான்தான் அழகு, கலைன்னு சண்டை போட்டேன். அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா ஒரு மாசத்துக்குத் தாங்காது."

காணொளி முடிந்தது. துளைக்கும் கருவியும் அப்போது நின்றிருந்தது.

"புரியுதா?" என்று நிதானம் கேட்டார்.

பட்டாசு தலையசைத்தாள். ஆயினும் அவர் சொல்லியே தீர வேண்டியிருந்தது. சொல்லாவிடில் அது உண்மையாகாமல் போய்விடுமோ என்ற அற்ப ஆசை அவருக்கே இருந்தது.

"அவர் உயிரோட இருந்து இன்னைக்கு ஒரு பூ போட்டா, அதுல கருத்த இதழ் இருக்காது. கருப்பு இருந்தா அது அவர் கை இல்ல. பாதிப் பாடத்துல எழுந்து போன யாரோ ஒருத்தர் கை. அந்த அம்மா ஒரு வாரமா எதைத் தம்பின்னு கட்டிப்பிடிச்சுட்டு இருக்காங்களோ, அதுதான் தம்பி இல்லைங்கறதுக்குச் சாட்சி."

"அப்போ நான் அனுப்புனது தப்பா?" என்று வரவேற்பு மேசைப் பெண் கலக்கத்தோடு கேட்டாள். "அச்சுக்காரர்கிட்ட மாத்தித் தரவா?"

"வேண்டாம்மா" என்றார் நிதானம். "நல்லாத்தான் இருக்கு."

* * *

அவர்கள் கடைக்குத் திரும்பியபோது மாலை நான்கரை மணி. வானம் கறுத்துத் தூறல் தொடங்கியிருந்தது. கடைக்காரி புடவை மாற்றியிருந்தாள். மேசைமேல், உறையிலிட்ட துணிகள் ஐந்தாறு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன; நாளை நீதிபதிமுன் வைப்பதற்கு.

"வக்கீலுக்குச் சொல்லிட்டேன் சார். தம்பி பொண்டாட்டிக்கும் போன் பண்ணிட்டேன். 'நிஜமாவா'ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டா. அப்புறம் அழுதா. சந்தோஷமா பயமான்னு எனக்குத் தெரியல. எங்க இருக்கான் சார்? பல் டாக்டர்கிட்டயா வேலை பார்க்கிறான்? சின்ன வயசுல பல் டாக்டர்னாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவான்!"

பட்டாசு அவளை நோக்கி இரண்டடி வைத்தாள். "அக்கா, நான் அவசரப்பட்டுட்டேன். என்னை நாலு அறை விடுங்க" என்றாள். அது நகைச்சுவை என்று எண்ணிக் கடைக்காரி சிரித்தாள். பிறகு நிதானத்தின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

அவர் சொற்களைத் தேடவில்லை. ஒன்பதாம் பாடத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் நின்றபடியே கேட்டாள். "எங்க அக்கா இதை எப்பவோ கண்டுபிடிச்சா" என்ற இடத்தில் அவள் கை வாயைப் பொத்தியது. முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டாள். ஏழு ஆண்டுகளாக ஒரு சாவியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த குரல், இப்போது புதிதாக ஏதோ பேசியது.

"ஒத்துக்கிட்டான்" என்றாள்.

"ஆமாம்மா."

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கான். என்கிட்ட சொல்லல."

"சொல்லணும்னுதான் இருந்திருக்காரு."

அவள் அடுக்கி வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்தாள். எடுத்தவள் அவற்றை எங்கே வைப்பது என்று அறியாமல் நின்றாள்.

"சார், அவன் போன அன்னைக்கு அவன் மேசை மேல ஒரு பெரிய தாள் இருந்துச்சு. முழுக்கப் பூ. எல்லா இதழும் ஒரே நிறம். இது அவன் போட்டது இல்ல, யாரோ கொடுத்ததுன்னு நினைச்சேன். துணி அலமாரி அடித்தட்டுல விரிச்சேன். கரப்பான் கடிச்சு நாசமாச்சு. போன வருஷம் குப்பையில போட்டேன்." சற்று நிறுத்தினாள். "அவன் கையால போட்ட கடைசிப் பூ. நல்லா எண்ணிப் போட்டிருக்கான். அதனாலயே எனக்கு அடையாளம் தெரியல."

நிதானம் அவள் கையிலிருந்த துணிகளை வாங்கி மடித்து வைத்தார்.

"நாளைக்குக் கோர்ட்டுல காட்ட என்கிட்ட எதுவும் இல்லம்மா" என்றார். "இருக்காருன்னு சொல்லவும் இல்ல. இல்லைன்னு சொல்லவும் இல்ல. ஆனா அவங்க கேட்கிறது முதலாவதை மட்டும்தான்."

"பேர் ஏறிடும்."

"ஏறிடும்."

அவள் தலை குனிந்து மேசையையே நோக்கினாள். நிமிர்ந்தபோது, அவள் கண்களில் நீர் இல்லை. அதனினும் கொடியதொன்று இருந்தது. காலையில் அவர் கண்ட அதே ஒளி.

"அப்போ சார்... கருப்பு இல்லாத பூ எல்லாம் அவனோடதா இருக்கலாம். இல்லையா?"

"அம்மா, கருப்பு இல்லாத பூ உலகம் முழுக்க இருக்கு. சரியா எண்ணத் தெரிஞ்ச எல்லாரும் போடுறது அதைத்தான். யார் கைன்னு சொல்லவே முடியாது."

"சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம்ல?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் நிதானம் வேறு தொழிலுக்குச் சென்றிருப்பார். அவர் வாயைத் திறக்கவில்லை. அதையே அவள் ஆம் என்று கொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. தூறலோடு ஓர் அம்மையார் உள்ளே வந்தார். பழுது பார்க்கக் கொடுத்த கண்ணாடியை வாங்க வந்தவர். நனைந்த குடையை வாசலில் விரித்தபடியே சாய்த்து வைத்தார். குடை முழுவதும் பூக்கள். இளஞ்சிவப்பில், பன்னிரண்டு இதழ்கள், எல்லாம் ஒரே நிறம்.

கடைக்காரி மேசையைச் சுற்றி வந்தாள். வந்தவரிடம் கண்ணாடியைக் கொடுக்க மறந்தாள். குடையின் அருகே முழந்தாளிட்டு, ஈரத்தை விரலால் வழித்துவிட்டு, ஒவ்வோர் இதழாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள்.

"ஏம்மா" என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டாள், "இந்தக் குடை எங்க வாங்கினீங்க?"

"இதுவா?" என்றார் அந்த அம்மையார் வியப்போடு. "எல்லாக் கடையிலயும் தொங்குதேம்மா."